மண்ணெண்ணெய் ஊற்றிய முற்றம்

காலை எட்டரைக்கு யூசுப் இக்கா போன் செய்தார். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனில் அவர் சூப்பர்வைசர். "முருகேசா, வேகம் வா. லாரி முற்றத்துல கேறி ஓயில் ஒழுகிக் கெடக்கு. மூணு மணிக்கு இஞ்சி லோடு வரும்" என்றார். குரலே சரியில்லை.

அந்த முற்றத்தில் செருப்போடுகூட யாரும் நடக்கக் கூடாது. சிமென்ட் தரையில் இஞ்சியைப் பரப்பிக் காயவைத்துச் சுக்காக்குவார்கள். முந்தின நாள் மழையில் சாக்கு நனைகிறது என்று டிரைவர் கெஞ்ச, மனசு இளகி இக்காதான் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்.

தரை கழுவுவது என் தொழில். சுள்ளிக்கல்லிலிருந்து பிரஷர் வாஷரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு மூலையில் பாய் அகலத்துக்கு எண்ணெய் கறுப்பாகக் கிடந்தது. மரத்தூள் போட்டு மேல் எண்ணெயை உறிஞ்சி எடுத்து, டிடர்ஜென்ட் தேய்த்து வெந்நீர் விட்டேன். இரண்டு ரவுண்டு ஆகியும் கறுப்பு விடவில்லை. மணி பதினொன்று. இக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார், அதுதான் என்னைப் பதற வைத்தது.

ஒர்க்‌ஷாப் தரைகளில் நாங்கள் செய்கிற குறுக்கு வழி ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். கறை கரைந்து ஓடியது. வாஷரை முழு பிரஷரில் வைத்து முற்றம் முழுக்க அடித்துவிட்டேன். பன்னிரண்டரைக்குத் தரை பளிச்சென்று காய்ந்திருந்தது. இக்கா முதுகில் தட்டி சாயா வாங்கிக் கொடுத்தார்.

சாயாவைக் குடித்து முடிப்பதற்குள் வாடை வந்தது. வெயில் ஏறஏறத் தரைக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மேலே கிளம்பியது. முட்டி போட்டு முகர்ந்து பார்த்தேன். கறை இருந்த மூலையில் மட்டும் இல்லை. என் மெஷின் தண்ணீர் அதை முற்றம் முழுக்கக் கொண்டுபோயிருந்தது. மறுபடி சோப்பு, வெந்நீர், சலவை சோடா. வாடை குறைந்ததே தவிர போகவில்லை. இஞ்சி எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். வாங்குகிறவர் ஒரு துண்டை ஒடித்து முகர்ந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

பார்த்தால் தரையில் ஒரு குறையும் இல்லை. பேசாமல் போய்விடலாமா என்று நினைத்ததும் உண்மை. ஆனாலும் இரண்டு மணிக்கு இக்காவிடம் மண்ணெண்ணெய் ஊற்றியதைச் சொன்னேன். அவரும் குனிந்து முகர்ந்தார்.

மூன்று மணிக்கு லோடும் வந்தது, முதலாளியும் வந்தார். வாசலிலேயே மூக்கைச் சுருக்கி, "இது எந்தா வாடை, யூசுபே?" என்றார்.

"லாரிய உள்ள விட்டது நான்தான் முதலாளி. தெற்று என்னோடது" என்று இக்கா தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

லாரி ஒழுக்கியது ஓயில் மட்டும்தான். சோப்போடு நிறுத்தியிருந்தால் அந்த மூலையை ஒதுக்கிவிட்டு மீதி இடத்தில் பரப்பியிருக்கலாம். முற்றத்தையே கெடுத்தது நான். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். தண்ணீர் பீய்ச்சும் வாஷர் கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றேன். இக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

லோடு வேறு குடோனுக்குப் போனது. மறுநாள் முதல் இக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பதினெட்டு வருடம் பார்த்த வேலை அது.

அதற்குப் பிறகு உணவுப் பொருள் படுகிற தரையில் நான் மண்ணெண்ணெய் தொட்டதில்லை. வெயிலில் காய்ந்த தரையை முட்டி போட்டு முகராமல் வேலை முடிந்தது என்று சொல்வதுமில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். எனக்குக் கஷ்டமான பாடம் வேறு.

சில மாதம் கழித்து இக்காவைத் தோப்பும்படியில் பார்த்தேன். முதலாளியிடம் போய் இப்போதாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். "விடு முருகேசா. ஒரு வீட்டுச் சோறு போச்சுல்ல, ரெண்டு வீட்டுதும் போணுமா?" என்றார்.

தப்பு செய்தவன் அங்கேயே, அப்போதே வாயைத் திறந்துவிட வேண்டும். நல்லவர் ஒருவர் முந்திக்கொண்டால், பிறகு நாம் சொல்வதற்கு இடமே இருக்காது.