சோடா அண்ணாச்சியின் மூக்கும் நாக்கும்

பொன்னுதுரை அண்ணாச்சியின் மூக்கில் தண்ணீர் வந்த கதையைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டோரம், வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்ன சோடா கம்பெனி அவருடையது. கோலி சோடா, ஜிஞ்சர் சோடா எல்லாம் உண்டு. ஆனாலும் பேர் வாங்கிக் கொடுத்தது பன்னீர் சோடாதான். உடன்குடியிலிருந்து பிழைக்க வந்து இருபத்தாறு வருஷமாக இதே பொழப்பு. காலையில் மெஷினிலிருந்து இறங்குகிற முதல் பாட்டிலை அவர் ஒரு மடக்குக் குடித்து, கண்ணை மூடி, "ம்" என்று சொன்னால்தான் வண்டியில் பெட்டி ஏறும். மனைவி பேச்சிச்செல்வி பாட்டில் கழுவுவாள், சீனிப்பாகு காய்ச்சுவாள், அவர் சொல்கிற அளவுக்கு எசன்ஸ் ஊற்றுவாள். ருசி பார்க்கிற வேலை மட்டும் அண்ணாச்சியுடையது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

போன ஜூலையில் ஒரு நாள், உப்பு லாரி ஒழுகவிட்டுப் போன ஈரத்தில் அவருடைய மொபெட் சறுக்கியது. முன்னால் வைத்திருந்த சோடாப் பெட்டியில் நெற்றி 'ணங்'கென்று மோதிவிட்டது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி வேலையைப் பார்க்க வந்துவிட்டார். மூன்றாம் நாள் பெட்டி தூக்கக் குனிந்தபோது வலது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தடுமல் என்று அவரே முடிவு கட்டினார். சுக்குக் காப்பி குடித்தார், ஆவி பிடித்தார், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி மூக்கைச் சிந்தினார். தடுமல் என்றால் சளி கெட்டியாகும், ரெண்டு மூக்கும் அடைக்கும். இதுவோ ஒரே மூக்கில், கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக, குனிந்தால் கொட்டியது. தொண்டையில் இறங்கினால் உப்புக் கரித்தது. அதையும் அவர் சட்டை செய்யவில்லை. நாலு பக்கமும் உப்பளம் இருக்கிற ஊரில் மூக்குத் தண்ணி கரிக்காமல் இனிக்கவா செய்யும் என்று பேச்சிச்செல்வியையே மடக்கினார்.

அவள் மடங்கவில்லை. இவர் பாகுச் சட்டிக்கு நேராகக் குனிகிறதைப் பார்த்த அன்றைக்கே, கையிலிருந்த கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல், ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஆச்சு என்று நின்றுவிட்டாள்.

டாக்டர் நஜ்லா காயல்பட்டினத்துப் பெண். காது மூக்கு தொண்டை பார்க்கிறவர். அண்ணாச்சியைக் குனியச் சொல்லி, சொட்டுகிறதைச் சின்னக் குப்பியில் பிடித்து லேபுக்கு அனுப்பினார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ரெண்டும் வந்த பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இது சளி இல்ல. மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணி. மூக்குக்கு மேல எலும்புல முடி கணக்கா ஒரு கீறல். அது வழியா ஒழுகுது."

அண்ணாச்சி மூளையே கரைந்து ஒழுகுவதாக நினைத்துக்கொண்டு, அன்றைக்கு என்ன கிழமை என்று தனக்குத்தானே கேட்டுப் பார்த்தார். நல்லவேளை, தெரிந்தது. அடிபட்டு வருகிற இந்த மாதிரி ஒழுக்கு பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், அதை முக்கியும் தும்மியும் நாம் கிழிக்காமல் இருந்தால் போதும் என்று டாக்டர் தேற்றினார். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கக்கூஸில் முக்காமல் இருக்க ஒரு சிரப். அப்புறம் அசெட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை, காலையிலும் சாயங்காலமும். அந்தத் தண்ணீர் ஊறுவதையே அது குறைக்கும், அழுத்தம் குறைந்தால் கீறல் மூட வசதியாக இருக்கும். கிருமிக்குச் சேர்த்து ஒரு நல்ல ஊசியாகப் போடச் சொல்லி அண்ணாச்சி கேட்டார். கிருமி வந்தால்தான் அந்த மருந்து என்று சொல்லி, ஒரு தடுப்பூசி மட்டும் போட்டார் டாக்டர். காய்ச்சலோ, தாங்க முடியாத தலைவலியோ, கழுத்துப் பிடிப்போ வந்தால் அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும். ரெண்டு வாரத்தில் நிற்காவிட்டால் மூக்கு வழியாக ஆபரேஷன்.

ஆபரேஷன் என்றதும் அண்ணாச்சிக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பனிமய மாதா திருவிழாவுக்குச் சரியாக மூன்று வாரம். கோயிலுக்குப் பக்கத்தில் பாஸ்கல் என்பவருடைய கடைக்கு நாற்பது பெட்டி பன்னீர் சோடா போயாக வேண்டும். வருஷத்தில் அவருடைய பேர் நிற்பதும் கெடுவதும் அந்தப் பத்து நாளில்தான்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து கிடந்தார் மனுஷன். வாயைத் திறந்து அவர் தும்முகிற தும்மலுக்குத் தெரு நாய் எழுந்து ஓடியது. மாத்திரை உள்ளே போனதிலிருந்து விரல் நுனியெல்லாம் சுர் சுர்ரென்றது, மணிக்கொரு தடவை ஒண்ணுக்கு. ஆனால் சொட்டு குறைந்தது. அதில் அவருக்கு ஒரே குஷி. குஷியில் ஒரு பன்னீர் சோடா கேட்டார்.

ஒரு மடக்குக் குடித்தார். முகம் மாறிப்போனது. ராத்திரி முழுக்கத் திறந்து வைத்த சோடா மாதிரிச் சப்பென்று, போதாக்குறைக்குத் தகரத்தை நக்கின மாதிரி ஒரு கசப்பு. கூறு கெட்டவளே, நான் நாலு நாள் இல்லையென்றால் கேஸை விட்டுவிடுவாயா என்று குதித்தார், படுத்தபடியே. கேஸெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கினால்தானே? கேஸைக் கூட்டச் சொன்னார். கூட்டினாள். மறுபடி குடித்தார், அதே சப்பு. இன்னும் கூட்டச் சொன்னார். இதற்கு மேல் ஏற்றினால் பாட்டில் வெடிக்கும் என்று மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள் பேச்சிச்செல்வி.

கேஸ் கூட்டின பெட்டிகள் பாஸ்கல் கடைக்குப் போயிருந்தன. மறுநாள் பாஸ்கல் போன் பண்ணினார். கோலியைத் தட்டினால் சோடா கூரைக்குப் போகிறதாம். மாப்பிள்ளை கணக்கா வெள்ளைச் சட்டையில் வந்த ஒரு ஆளை ஜிஞ்சர் சோடா குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறது. குடித்த இன்னொருவருக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. "சோடாதான் அனுப்புதியளா, தீபாவளிக்கு வெடி எதுவும் செய்யுதியளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாஸ்கல். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. குறை சோடாவில் இல்லை, தன் நாக்கில்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

யோசித்துப் பார்த்தார். மாத்திரை வந்த பிறகுதானே இப்படி? அந்தச் சவத்தை நிறுத்தினால் நாக்கு வந்துவிடும், திருவிழா சோடாவைப் பார்த்து அனுப்பிவிட்டு அப்புறம் விழுங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். பேச்சிச்செல்வி கொடுக்கிற மாத்திரையை வாயில் போடுகிற மாதிரிப் போட்டு, அவள் திரும்பியதும் தலையணை உறைக்குள் தள்ளினார். ரெண்டாம் நாள் சாயங்காலம் மூக்கு மறுபடி சொட்ட ஆரம்பித்தது. நனைந்த உறையை மாற்ற அவள் உதறியபோது நாலு மாத்திரையும் தரையில் உருண்டன.

அவள் ஏசியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏசியிருப்பார். அவள் கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வேறு வழியில்லாமல் அண்ணாச்சி உள்ளதைச் சொன்னார். டாக்டர் முதலில் சிரித்தார்.

"அந்த மாத்திரை தின்னா சோடா சப்புன்னுதான் இருக்கும், அண்ணாச்சி. நான் முன்கூட்டியே சொல்லியிருக்கணும், என் தப்புதான். நாக்கு எங்கயும் போயிராது, மாத்திரையை நிறுத்தினா திரும்பி வந்துரும். ஆனா அந்தக் கீறல் வழியா கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வந்தா, நாக்கு இருந்து என்ன, ருசி பாக்க ஆள் வேணும்லா?"

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவளை இப்படி அழவிட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு. கையை நீட்டி மாத்திரையை வாங்கி, அவள் கண்முன்னாலேயே விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினார்.

"ஏளா, திருவிழா சோடாவ நீயே பாத்து அனுப்பிரு," என்றார்.

"நெசமாத்தான் சொல்லுதியளா?"

"நெசமாத்தான். நான் கேக்கவே மாட்டேன்."

கேட்காமல் இருந்தது பெரிய பாடு. உள்ளே படுத்துக்கொண்டு மெஷின் சுற்றுகிறதையும் பாட்டில் உரசுகிறதையும் கேட்டுக்கொண்டே கிடந்தார். என்ன ஊற்றுகிறாளோ, எவ்வளவு ஊற்றுகிறாளோ. திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் பாஸ்கல் போன் பண்ணியபோது முதல் மணியிலேயே எடுத்தார். இன்னும் பதினைந்து பெட்டி வேண்டுமாம். வெயில் அடிக்கிறது, எதைக் கொடுத்தாலும் குடிப்பான்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கடைசி நாளான பெரிய திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது டாக்டர் நஜ்லா அவரைக் குனிந்து உட்காரச் சொல்லி, கீழே ஒரு கிண்ணத்தை வைத்துக் காத்திருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பேச்சிச்செல்வி கிண்ணத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் இனி வேண்டாம், ஆனால் ரெண்டு மாசத்துக்குப் பெட்டி தூக்கினால் தொலைத்துவிடுவேன் என்றார் டாக்டர். வாசலுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டது அண்ணாச்சிதான்.

திருவிழா அன்று சாயங்காலம் ரெண்டு பேரும் பாஸ்கல் கடைக்குப் போனார்கள். கூட்டத்தில் நிற்க இடமில்லை. அண்ணாச்சி ஒரு பன்னீர் சோடாவை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். நாக்கு நுனியில் கேஸ் சுருக்கென்று குத்தியது. ஆகா, வந்துவிட்டது. ரெண்டாவது மடக்கில் நிதானித்தார். மூன்றாவதில் கண்ணை மூடினார். கேஸ் அளவாக இருந்தது. பன்னீர் வாசம் முன்னைப்போல முகத்தில் அறையாமல், குடித்து முடித்த பிறகு மெல்ல வந்தது. அவர் போட்டதைவிட நன்றாக இருந்தது. ஒரு பங்கு இல்லை, ரெண்டு பங்கு.

"என்னளா செஞ்ச?"

"எசன்ஸக் கால்வாசி கொறச்சேன். எப்பவும் கூடத்தான் போயிட்டு இருந்துச்சு."

"எப்பவும்னா?"

"கலியாணம் ஆன வருசத்துல இருந்து."

"அட, சொல்லியிருக்கலாம்லா?"

"ஒரு வாய் குடிச்சுப் பாருன்னு என்னைக்காவது நீட்டினியளா?"

சுற்றிலும் அத்தனை சத்தத்தில் அது அவருக்கு மட்டும்தான் கேட்டது. பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. வாய்ப்பக்கத்தைத் துண்டால் நன்றாகத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.