யப்பானுக்கு உளி பார்க்கப் போகவிருந்த பயணம்

எண்பத்து மூன்று கலவரத்துக்கு மறு வருடம் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

என் கணவர் தச்சு வேலை செய்பவர். சரக்குக் கப்பலில் வேலை செய்த என் தம்பி, யப்பானிலிருந்து அவருக்கு மரம் அறுக்கிற ஒரு கைவாளும் ஒரு படப் புத்தகமும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். எங்கள் வாளைப்போலத் தள்ளி அறுத்ததில் முதல் நாளே அதன் தகடு வளைந்துவிட்டது. அது இழுத்து அறுக்கிற வாளாம். புத்தகத்தில் அந்த நாட்டுத் தச்சர்களும் இவரைப்போலவே நிலத்தில் உட்கார்ந்து, காலால் மரத்தை மிதித்துப் பிடித்துத்தான் வேலை செய்தார்கள். இவருக்கு அவர்களை நேரில் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

அந்த வருடம் தம்பியின் கப்பல் திருத்த வேலைக்காக அங்கே கரையில் நின்றது. "அத்தான், இரண்டு கிழமைக்கு வாங்கோ, சுற்றிப் பார்ப்பம்" என்று எழுதினான். இவர் ஒரு பலகையில் பென்சிலால் பயணத்தை எழுதினார். முதலில் வாள் செய்கிற ஊர், பிறகு உளி அடிக்கிற பட்டறை, பிறகு மரம் இழைக்கிற சீவுளிக்கு அலகு செய்கிறவர் வீடு, நடுவில் ஒரு நாள் சும்மா கடற்கரை. தினமும் அழித்து அழித்து எழுதுவார்.

இவரோடு கூட வேலை செய்பவர் ஒருவர் பகிடி பண்ணினார்: "உளி பார்க்கப் போறியோ, பொம்பிளை பார்க்கப் போறியோ?"

"உளிதான். பொம்பிளை வீட்டிலை இருக்குது, இன்னும் கூர் குறையேல்லை."

நான் வெட்கத்தில் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, உளி பார்க்க ஆரும் கடல் கடப்பினமே? போனவையிலை ஆர் திரும்பி வந்தவை?"

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் ஆண்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். போகவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "கோயிலிலை பூக்கட்டிப் பார்ப்பமே?" என்று மட்டும் கேட்டேன். அவரும் சம்மதித்தார்.

வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக்கூடாது. ஒன்றில் வெள்ளை, மற்றதில் சிவப்பு என்று இரண்டு கடதாசிச் சரைகளில் பூவைப் பொட்டலமாகச் சுற்றவேண்டியது நான். இரண்டிலும் சிவப்பு அலரியையே வைத்தேன். ஐயர் சரைகளைச் சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார். இவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார்; சிவப்பு. மற்றதை நான் சட்டென்று எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சீவுளியை எடுத்து அந்தப் பலகையைச் சீவினார். எழுதிய ஊர்களெல்லாம் சுருள் சுருளாக நிலத்தில் விழுந்தன.

மூன்று நாள் வீட்டைக் கூட்டுவதும், கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டுவதுமாக இருந்தேன். நான்காம் நாள் மதியம் சோறு போடும்போது அழுகை வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, ரண்டிலையும் சிவப்புத்தான் வைச்சனான்."

"ஓம், தெரியும். மற்றச் சரையை நீர் ஒளிச்சதைக் கண்டனான்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீரா சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். போகவேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நிண்டிருப்பனே. சாமியை ஏன் பொய் சொல்ல வைச்சனீர்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அழுதுகொண்டே, "யப்பானுக்குப் போட்டு வாங்கோ" என்றேன். அவரும் தம்பிக்குக் கடிதம் போட்டார். அது போய்ச் சேருமுன் கப்பல் துறையை விட்டு வெளிக்கிட்டுவிட்டது. கடைசிவரை அவர் யப்பானைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் குத்திக் காட்டியதுமில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அன்றைக்கு நேரே சொல்லியிருந்தால் அவர் போயிருக்கலாம், நின்றிருக்கலாம். எதுவானாலும் அது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும் என்ற நினைப்புத்தான் இன்றைக்கும் என்னை இருக்க விடுவதில்லை.