ஒரு சொல்லை நாங்கள் கேட்ட விதம்

எங்கள் வீட்டில் யோசனை என்பது உடம்புக்கு ஆகாத ஒன்று. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அம்மா வந்து கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். "என்னாடா ஒரே யோசனையா இருக்கே? வவுறு சரியில்லையா?" என்பாள். வாயைத் திறக்காமல் யோசிக்க அம்மாவுக்குத் தெரியாது. மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவியபடி கிழங்கிடமே பேசிப் பேசித்தான் ஒரு முடிவுக்கு வருவாள். அண்ணன் வேறு மாதிரி. முதலில் செய்துவிடுவான். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, செய்தது சரிதானா என்று பார்ப்பான். அப்படித்தான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே, அப்பா போன பிறகு, எஸ்டேட்டை விட்டு மலாக்காவுக்கு வந்து, காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினோம். அண்ணன் படகுத்துறையில் மலாய்க்காரர்களோடு மூட்டை தூக்கினான். அந்தக் காசில் நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். கேள்வி எதுவானாலும் சாதகத்தை ஒரு பக்கமும் பாதகத்தை ஒரு பக்கமும் நிறுத்திப் பார்த்து, கடைசியில் முடிவைச் சொல் என்று அங்கே பழக்கினார்கள். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளியை மூடிவிட்டார்கள். அந்தப் பழக்கம் மட்டும் தலைக்குள் தங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு பேசுவதற்கு யாரும் இல்லை. அம்மாவும் அண்ணனும் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். அப்படிப் பார்க்கிறவர்களிடம், எனக்கும் ஒன்றும் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் கங்காணி வந்தார். எஸ்டேட்டில் எங்களை அறிந்தவர்; இப்போது ஜப்பானியருக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு ஒரு ஆம்பள சயாமுக்குப் போவணும். ரயில் ரோட்டு வேல. மூணே மாசந்தான். அரிசி உண்டு, துணி உண்டு. பெரியவனா சின்னவனான்னு நீங்களே பேசிக்கிங்க. வெள்ளிக்கெழம காலையில லோரி வரும்."

"இவன அனுப்புனா தண்டவாளத்துக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்துக்கிட்டு நிப்பான்," என்று அண்ணன் சிரித்தான். "நான் வர்றேன் கங்காணி."

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் நெற்றியில் விபூதி இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். நாங்கள் மாமா என்று கூப்பிட்டால் அவருக்குப் புரியும். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய வம்சம்; மற்றபடி தமிழ் கிடையாது, மலாய்தான். எங்களுக்கோ எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த அரைகுறை மலாய். ஜப்பானியர் இருந்த ஒரு ஆபீஸில் அவர் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தார். அங்கே காதில் விழுவதை வெளியே சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் எந்தப் பேச்சையும் பாதி விழுங்கிவிட்டு மீதியைத்தான் பேசுவார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வேலிப்பக்கம் வந்தார். சந்தின் இரண்டு முனைகளையும் பார்த்தார். அண்ணனின் தோளைத் தொட்டு, "இங்ஙாட்-இங்ஙாட், யா," என்றார். அவ்வளவுதான்.

"சரி மாமா," என்று அண்ணன் சிரித்தான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா, நம்மள மறந்துறாம நெனச்சுக்கிட்டே இருன்னு சொல்றாரு. எம்புட்டு நல்ல மனுசன்!" பாத்திரம் இரவல் கொடுக்கும்போதெல்லாம், மறக்காமல் திருப்பிக் கொடு என்பதற்கு அந்த வீட்டில் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். அம்மாவுக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான்.

எனக்கு வேறொன்று தெரிந்திருந்தது. என்னோடு படித்த மலாய்ப் பையன்கள் 'நான் நினைக்கிறேன்' என்று சொல்ல அதே சொல்லைப் பயன்படுத்துவார்கள். யோசித்துப் பார் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கிணற்றடியில் போய் உட்கார்ந்து யோசித்தேன். அண்ணனுக்குப் பதில் நான் போனால் என்ன? சாதகம், பாதகம். இரண்டும் சமமாகவே நின்றன. வெள்ளிக்கிழமை லோரி வந்தபோது நான் இன்னும் முடிவுக்கு வந்திருக்கவில்லை.

"டேய், ரொம்ப யோசிக்காத. மண்ட சூடாயிரும்," என்று லோரியிலிருந்து குனிந்து என் தலையைத் தட்டினான் அண்ணன்.

சில நாள் கழித்துச் செட்டி மாமா என்னைத் தனியே பிடித்து, அவன் ஏன் போனான் என்று கேட்டார். கவனம், ஆபத்து என்று தான் சொன்னது அவன் காதில் விழவில்லையா என்றார். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குமேல் வாயைத் திறந்திருந்தால் அவரையும் அதே லோரியில் ஏற்றியிருப்பார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஒருநாள் கிழங்கு விற்கத் துறைப்பக்கம் போனேன். படகிலிருந்து பலகை வழியாக மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை சரிந்தது. மேலே நின்றவன், "இங்ஙாட்!" என்று கத்தினான். கீழே இருந்தவர்கள் சட்டென்று விலகினார்கள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். இதே துறையில் அண்ணன் எத்தனை வருஷம் மூட்டை தூக்கினான்! எங்கள் மூவரில் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்டவன் அவன்தான். கேட்டுக்கொண்டேதான் சிரித்திருக்கிறான். அவன் விலகினால் லோரியில் எனக்குத்தான் இடம். அவன் எப்போது இதை யோசித்தான், எவ்வளவு நேரம் யோசித்தான், எனக்குத் தெரியாது. ஒரே அறையில் படுத்துத் தூங்கிய ஆளின் தலைக்குள் என்ன ஓடியது என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குக் கிழங்கு விற்கவில்லை. அதைத் திரும்பச் சுமந்துகொண்டு வீடுவரை நடந்தேன்.

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் காஜா பேராங் முச்சந்தியில் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். காலில் ஆறாத புண். அண்ணன் போனது மழைக்காலத்தில், காய்ச்சலில் என்றார். தாமே புதைத்ததாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள், சோறு புரையேறிவிட்டது. உச்சந்தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிய அம்மா சிரித்தாள்.

"பெரியவன் நெனைக்கிறான்டா."

"சாப்புடும்மா," என்றேன். "சாப்புட்டு முடி. ஒண்ணு சொல்லணும்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு பருக்கையாக எடுத்து மெல்ல மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள்.