எனாமல் மேல் லாக்கர்

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு வண்டிக் கம்பெனியில் பெயிண்ட் அடிப்பவர். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொரு கம்பெனியில் பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன். இவர் மாதிரி ஆட்கள் அடித்ததில் தூசோ சுருக்கமோ இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. இப்படி ஒரு ஜோடி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கு பிளாஸ்டிக் கிட் வாங்கிக் குட்டி வண்டி செய்யும் பைத்தியம். போன வருஷம் அவர் கம்பெனி ஆயுத பூஜையில் வைக்க ஒரு குட்டி பஸ் செய்தார். அதற்கு முந்தைய வருஷம் வெல்டிங் செக்‌ஷன்காரர்கள் கம்பியில் தேர் செய்து மொத்தக் கூட்டத்தையும் இழுத்துவிட்டார்கள். அதனால் போன தடவை பூஜை மேசையில் நடு இடம் பெயிண்ட் செக்‌ஷனுக்குத்தான் என்று இவர் ஊரெல்லாம் சவால் விட்டிருந்தார்.

பஸ்ஸுக்கு ஹார்டுவேர் கடை எனாமலில் நீலம் அடித்தார். அழகாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. பூஜைக்கு முந்தின நாள் பளபளப்புக்காக மேலே பூசும் லாக்கர் வார்னிஷ் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"இன்னாங்க, எனாமல் மேல லாக்கர் அடிக்கக் கூடாது. அதுல கீற தின்னர் அடியில கீறத அரிச்சுடும்" என்றேன்.

"தெனம் காரு அடிக்கிறவன் நான். இது பொம்ம. நீ போய் சாம்பாரப் பாரு."

சாம்பாரைப் பார்த்தேன். திரும்பி வருவதற்குள் பஸ் கூரை பாலாடை போலச் சுருங்கிக் கிடந்தது. பாவமாகவும் இருந்தது, அடக்க முடியாத சிரிப்பும் வந்தது. அவர் படுத்த பிறகு, கை சும்மா இருக்குமா, ஒரு சிவப்பு அம்பை அந்தச் சுருக்கத்தின் மேல் ஒட்டிவிட்டேன். மறுபடி அடிக்க நேரமில்லை. காலையில் அவர் பஸ்ஸை ஏறெடுத்தும் பார்க்காமல் துண்டில் சுருட்டிக்கொண்டார்.

பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் நானும் போனேன். துண்டைப் பிரித்ததும் அம்பு எல்லார் கண்ணிலும் பட்டது. இவர் என்னை எரிப்பதுபோல் பார்த்தார். கிண்டல் பண்ணவே வந்த வெல்டிங்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களேப்பா. அப்புறம் நாங்க இன்னாத்த சொல்றது" என்று சிரித்தார். தாங்கள் செய்து கொண்டுவந்திருந்த கம்பி மயிலை நகர்த்தி, நடு இடத்தை அவரே விட்டுக்கொடுத்தார். சூப்பர்வைசர் அம்புக்குப் பக்கத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் மனிதர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாலாஜாபாத் நெருங்கும்போதுதான் மெதுவாக, "எனாமல் மேல இன்னாதான் அடிக்கணும்?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து தொழிலில் அவர் என்னைக் கேட்ட முதல் சந்தேகம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எனக்கின்னா தெரியும்? நான் சாம்பாரப் பாத்துக்கினு இருந்தேன்" என்றேன்.