பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை

எங்கள் மாமா நல்ல விவசாயி. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷங்கள் அவரைச் சுமாரான கொத்தனாராக ஆக்கியிருந்தன. சுமார் என்பதுகூட அம்மாவின் தம்பி என்பதால் சொல்வது.

மாங்கனித் திருவிழாவுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் சாமி வரும். வீட்டுக்கு வீடு மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். அந்த வருஷம் உறவுக்காரர்கள் நிறையப் பேர் வருவதாக இருந்ததால், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் கட்டும் வேலையை அம்மா மாமாவிடம் கொடுத்தாள். அதில் அவளுக்கு ஒரு திட்டமும் இருந்தது. புதுச்சேரியில் அரசாங்க வேலையில் இருந்த பெரியப்பா எங்கள் ஊரை ஒட்டிய தருமபுரத்தில் வீடு கட்டப் போகிறார். சுவர் அவருக்குப் பிடித்துவிட்டால் அந்த வேலை மாமாவுக்குக் கிடைக்கும். அவர் ஊரைவிட்டுப் பிழைக்கப் போக வேண்டியதில்லை. இது வீட்டில் எல்லோருக்கும், ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கும்கூடத் தெரியும்.

திருவிழாவுக்குள் முடிக்க வேண்டுமே என்று மாமா அவசர அவசரமாகப் பூசினார். சுவர்மேல் கையை வைத்துக்கொண்டு நடந்தால் கை ஏறி இறங்கியது. முதல் நாளே வந்துவிட்ட பெரியப்பா ஒரு மூலையைத் தடவிப் பார்த்தார். பூச்சு அவர் உள்ளங்கையோடு வந்தது. அப்பாவைப் பார்த்து, "நல்லா பங்கிள் பண்ணி வச்சிருக்கான்" என்றார். மாமா பக்கத்திலேயே நின்றதால் சிரித்துக்கொண்டே சொன்னார். பெரியப்பா கண்ணியமான மனிதர். யாரையும் தமிழில் திட்ட மாட்டார்.

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். என் இங்கிலீஷ் மீடியம் படிப்புக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அது. டீச்சர் சொன்னபடியே சொன்னேன்: ஒரு வேலையைச் செய்யத் தெரியாமல் செய்து கெடுப்பது. அவள் கேட்காமலே உதாரணமும் கொடுத்தேன். தையல்காரர் சட்டையை பங்கிள் செய்தார். சமையல்காரர் கல்யாண விருந்தை பங்கிள் செய்தார். நான் கொத்தனாருக்கு வருவதற்குள் அம்மா போதும் என்றாள்.

சற்று நேரத்தில் மாமா டீ குடிக்க வந்தார்.

"அக்கா, அத்தான் என்னமோ பங்கிள்னு சொன்னாரே, அப்படின்னா என்னக்கா?"

அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, "வேலைய மளமளன்னு முடிச்சிட்டியாம். அதத்தான் சொல்றாரு" என்றாள்.

நான் திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"அப்ப தருமபுரம் வேலை நமக்குத்தான்" என்றார் மாமா. அம்மா அவரிடம் சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

மறுநாள் மாடி நிறையக் கூட்டம். சாமி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனபின், கூடையில் மிச்சமிருந்த பழங்களை எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். மாமா பெரியப்பாவின் பக்கத்தில் போய் நின்று, நாலு பேருக்குக் கேட்கும்படி, "தருமபுரத்து வீட்டையும் நானே பங்கிள் பண்ணிக் குடுத்துடுறேங்க அத்தான்" என்றார்.

படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வார்த்தையின் அர்த்தத்தை இந்த முறை தமிழிலேயே சொன்னார்.

"ஒனக்கு யாருப்பா இதச் சொல்லிக் குடுத்தது?" என்றும் கேட்டார்.

அம்மா மாடிப்படி ஓரமாக நின்றிருந்தாள். மாமா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலீங்க அத்தான். நானாத்தான் அப்படி நெனச்சிக்கிட்டேன்."

தருமபுரத்து வீட்டை வேறொருவர் கட்டினார். மாமா திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். திருவிழாவுக்கு அம்மா கூப்பிடும்போதெல்லாம் லீவு இல்லை என்கிறார். அம்மா உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த வேலை கிடைத்திருக்காதுதான். ஆனால் அத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு அவர் பஸ் ஏறியிருக்க வேண்டாம். நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது. முந்தின நாள்தான் அம்மா அடுப்படியில் வைத்துச் சொன்னாள், அதை ஒரே நாளில் மறந்துவிட்டாரே இந்த மாமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஞாபகப்படுத்தலாம் என்று கிட்டே போனேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.