மாமாவின் கால் அளவு

எங்கள் மாமாவின் கால் அளவு ஊரில் யாருக்கும் தெரியாது. செருப்பு இருந்தால்தானே அளவு? அம்மாவின் தம்பியான அவர், தன் கல்யாணத்தன்று யாருடையதோ ஒரு ஜோடியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய், கோயில் வாசலில் கழற்றியதோடு சரி, திரும்பப் போடவே இல்லை. கட்டுமரத்திலும் வெறுங்கால், கரையிலும் வெறுங்கால், சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பக்கத்துத் திடலில் கால்பந்து ஆடும்போதும் வெறுங்கால்தான்.

எங்கள் குப்பத்து டீமுக்காக இருபது வருஷம் அப்படியே ஆடினார். எதிரே இறங்குவது பக்கத்து அணுமின் நிலையத்து டவுன்ஷிப் டீம். எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள். முழங்கால் வரை சாக்ஸ், அடியில் குமிழ் வைத்த பூட்ஸ். அவர்கள் மிதித்து மிதித்து மாமாவின் கால்விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படியும் பந்து அவரிடம் வந்துவிட்டால், வளர்த்த நாய்க்குட்டி மாதிரி காலோடு காலாகப் போகும். சாயங்கால வெயிலில் திடலின் புழுதி மஞ்சளாக எழும்பி நிற்க, அதற்குள் அவர் மறைந்து வேறெங்கோ வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ நாள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது முட்டி வீங்கி, இனி ஆடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஊர் விடுமா? டவுன்ஷிப்போடு கடைசியாக ஓர் ஆட்டம், அதற்கு முன் ஒரு பாராட்டு விழா என்று முடிவானது. விழாவுக்குத் தலைமை என் அப்பா. அப்பாவுக்கு மைக்கே தேவையில்லை. அவர் எங்கள் வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் குழந்தை அழும். மச்சான் கடைசி ஆட்டத்தையாவது பூட்ஸ் போட்டு ஆட வேண்டும், அதுவும் அவருக்குத் தெரியாமல் வாங்கி மேடையில் தர வேண்டும் என்பது அப்பாவின் யோசனை.

அளவுக்கு என்னைப் பிடித்தார்.

"மாமா கரைக்கு வந்தா ஈர மண்ணுல காலு பதியும் இல்ல? அத்த அளந்துகினு வா. எவன்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது, இன்னா?"

வலை பின்னுகிற நூலில் ஒரு முழம் கொடுத்தார். குதிகாலுக்கு ஒரு முடிச்சு, கட்டை விரலுக்கு ஒரு முடிச்சு. அவ்வளவுதான் வேலை.

மறுநாள் விடியலில் போய் நின்றேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்தச் சாம்பலிலிருந்து கட்டுமரம் மெதுவாக முளைத்து வந்தது. மாமா குதித்து இறங்கி அதை இழுத்துப் போட்டுவிட்டு, கரையில் பையன்கள் உதைத்துக்கொண்டிருந்த பந்தைப் பார்த்ததும் அதன் பின்னே ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து நின்றதில் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். ஞாபகம் வந்து குனிந்தபோது முக்கால்வாசித் தடங்களை அலை கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய ஒன்றிலும் குதிகாலைக் காணோம். இன்னொரு நாள் விடியலில் எழுந்து வர யாரால் முடியும்? குதிகால் இங்கேதான் இருந்திருக்கும் என்று உத்தேசமாக ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டேன்.

அந்த நூலோடு அப்பா செங்கல்பட்டுக்குப் போனார். கடைக்காரர் நூலைப் பார்த்துவிட்டு, "பையனுக்கா சார்?" என்று கேட்டாராம். அவரையும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் அப்பா வாங்கி வந்தார்.

விழாவன்று திடலைச் சுற்றித் தலைகளாக இருந்தன. டவுன்ஷிப் டீமின் கேப்டன் பொன்னாடை போர்த்தினார். வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் பூட்ஸ் வந்தது. "போடு அண்ணாத்த, போடு!" என்று கூட்டம் கத்தியது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து காலை நுழைத்தார். நுழைந்தது பாதிதான். அவர் நிமிர்ந்து எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அளவு எட்த்தது யாரு தெரிமா? அவுரு அக்கா பொண்ணு! ஒம்போது வயசு!"

அப்பா என்னை மேடையில் தூக்கி நிறுத்தினார். கைதட்டல் காதை அடைத்தது. எனக்குத் தரையே தெரியவில்லை. மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்து ஒரே அழுத்தாக அழுத்தினார்.

"சரியா கீதா மாமா?" என்று கேட்டேன்.

"அளவு எட்த்துத் தச்சா மாரி கீது, கண்ணு."

அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தை ஆட்டம் என்றே சொல்லக் கூடாது. ஓட வேண்டிய இடத்தில் நடந்தார். வந்த பந்தெல்லாம் அவரைத் தாண்டிப் போயிற்று. பாவம், டவுன்ஷிப்காரர்களே வேண்டுமென்று பந்தைக் கையால் தொட்டு ஒரு பெனால்டியும் தந்தார்கள். அதையும் கம்பத்துக்கு வெளியே உதைத்தார். "பூட்ஸு வந்துச்சு, அண்ணாத்த ஆட்டம் பூட்ச்சு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, திடலே சிரித்தது. இன்றைக்கும் எங்கள் ஊரில் அவர் பேச்சு வந்தால் முதலில் வருவது அந்தப் பெனால்டிதான். எனக்கு அவமானம் தாங்கவில்லை. என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இப்படியா ஆடுவார்?

ஆட்டம் முடிந்ததும் கடலோரமாக என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். பூட்ஸ் கழுத்தில் தொங்கியது. கணுக்கால் ஆழத் தண்ணீரிலேயே மெல்ல நடந்தார். நகமெல்லாம் கறுத்திருந்தது. பந்து பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ நல்லாவே ஆடல மாமா."

"ஆமா கண்ணு. இன்னிக்குக் காலு எங்கூட வரல."

கோபம் தீராமல் அவர் கழுத்திலிருந்து ஒரு பூட்ஸைப் பிடுங்கி, அலை பின்வாங்கிய ஈர மணலில் அவர் அப்போதுதான் பதித்திருந்த தடத்தின் மேல் வைத்தேன். குதிகாலுக்குக் குதிகால் சரியாக வைத்தும், ஐந்து விரல் நுனிகளும் பூட்ஸுக்கு வெளியே நின்றன.

"மாமா! ஒன் காலு வளந்துகினு கீது!"

அவர் திரும்பிப் பார்த்தார். காலாலேயே அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தார்.

"உப்புத் தண்ணில நின்னா அப்டித்தான் வளரும். ஒங்கப்பன் கிட்ட சொல்லிடாத. அப்பால ஊரே வந்து நிக்கும்."

நான் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும், யாருக்கும் தெரியாமல் கடலுக்குப் போய், கணுக்கால் தண்ணீரில் நின்று, என் கால் வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.