நாலாவது படிவம்

ஜகதீசனுக்கு வயது ஐம்பத்திரண்டு. குஷாய்குடாவில் சொந்த வீடு, மத்திய அரசின் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷ வேலை, யாரிடமும் கெட்ட பேர் இல்லை. அந்த நல்ல பேருக்கு இந்த வருஷம் அவரே உலை வைத்தார். அது இன்னும் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் அவருக்குச் சோறு இறங்காமல் செய்தது.

அவர் பிரிவில் ஐந்து பேர். வேலையை ஐவரும் சேர்ந்துதான் செய்வார்கள். வருடாந்திர மதிப்பீட்டில் 'மிகச் சிறப்பு' மட்டும் பிரிவுக்கு ஒருவருக்குத்தான். இந்தக் கூத்துக்கு அவர்களே ஒரு வழி கண்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருவர் முறை. முறைக்காரர்தான் முன்நின்று வேலையை முடித்தார் என்று மற்ற நால்வரும் தங்கள் படிவத்தில் எழுதிவிடுவார்கள். மூன்று வருஷம் முன்பு ஜகதீசன் முறை வந்தபோது அவரைப் புகழ்ந்து அரைப் பக்கம் எழுதியவர் சுமலதா. சேர்ந்த நாளிலிருந்து அவரைத் தம்பி என்றே கூப்பிடுகிறவர்.

இந்த வருஷம் சுமலதாவின் முறை. அடுத்த வருஷம் ஓய்வு. பதவி உயர்வுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஆனால் இன்னொரு 'மிகச் சிறப்பு' கிடைத்தால் ஜகதீசனுக்கே உயர்வு என்று யாரோ காதில் ஊதிவிட்டார்கள். ஐந்து பேரும் பதினோரு நாள் மல்லுக்கட்டிச் சரிசெய்த இயந்திரத்தை, தாம் ஒருவரே ஓட வைத்ததாக ஜகதீசன் தம் படிவத்தில் அடித்து அனுப்பிவிட்டார். 'மிகச் சிறப்பு' அவருக்கே வந்தது.

மறுநாள் சுமலதா அவர் மேசைக்கு வந்தார்.

"ஆபீசர் நம்ம படிவத்தையெல்லாம் பார்க்காமலே உங்களுக்குப் போட்டுட்டார். நீங்க டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க தம்பி, உங்க மேல என்ன தப்பு? அப்பீல் போடணும். உங்க இங்கிலீஷ்தான் நல்லாருக்கும், எழுதிக் குடுங்க."

ஜகதீசனுக்கு முகம் எரிந்தது. எழுதினார். சக ஊழியர் மூன்று பேர் தங்கள் படிவங்களில் சுமலதாவின் பேரையே குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று முடித்துக் காகிதத்தை நீட்டினார்.

சுமலதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மூணு இல்ல தம்பி, நாலு. உங்களையே விட்டுட்டீங்க பாருங்க!" என்று சிரித்தார்.

நாலு என்று திருத்தினால் அதிகாரி படிவங்களை எடுத்துப் பார்த்ததும் அப்பீலே பொய்யாகிவிடும். அக்காவின் கடைசி வாய்ப்பும் போய்விடும்.

"மூணுதான்க்கா," என்றார் ஜகதீசன். அவமானத்தில் தலை நிமிரவில்லை.

சுமலதா அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு மேசையிலிருந்த பேனாவை எடுத்தார்.

"கையெழுத்து எங்க போடணும், சார்?"